பாராடாங்: ஒரு தீவு, பல மக்கள்

அந்தமான் என்றால் நம் பாட்டன்மாருக்கு அது சிறைச்சாலை. 'காலாபானி' என்று சொல்லும்போதே அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். நம் பிள்ளைகளுக்கோ அது நீலக்கடலும் வெண்மணலும் நிறைந்த சுற்றுலாத் தலம். இந்த இரண்டுக்கும் இடையில், மக்கள் பிறந்து, உழைத்து, வாழ்ந்து மறையும் ஊர்களாக அந்தமானை அறிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. 2019ஆம் ஆண்டு வரை நானும் அறியாதவர்கள் பட்டியலில்தான் இருந்தேன்.

அந்த ஆண்டு என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பாலினேசியத் தீவு ஒன்றைப் பற்றி நில அமைப்பு, வரலாறு, மக்கள் என்னும் மூன்று தலைப்புகளில் எழுதி வரவேண்டும். அவள் ஈஸ்டர் தீவைத் தேர்ந்தெடுத்தாள். 1862இல் பெரு நாட்டு அடிமை வியாபாரிகள் அத்தீவு மக்களைக் கப்பல் கப்பலாகப் பிடித்துச் சென்றார்கள். தப்பித் திரும்பிய சிலரோடு பெரியம்மையும் வந்து இறங்கியது. 1877இல் தீவில் எஞ்சியவர்கள் வெறும் 111 பேர்! இதையெல்லாம் எழுதி முடித்தவள், "அப்பா, நம்ம நாட்டுல இந்த மாதிரி தீவு இருக்கா?" என்று கேட்டாள்.

பிழைப்புக்காக வடக்கே வந்து இருபது ஆண்டுகளாகிவிட்ட எனக்கு, உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. டிசம்பர் விடுமுறைக்குச் சென்னைக்குப் போனபோது, அங்கிருந்து அந்தமானுக்கு விமானம் ஏறினோம். அந்தப் பயணத்தில் நாங்கள் இரண்டு நாள் தங்கிய பாராடாங் தீவைப் பற்றியும், திரும்பி வந்தபின் தேடிப் படித்து அறிந்தவற்றைப் பற்றியும் நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கே இருக்கிறது?

வங்கக் கடலில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார்க் கூட்டத்தில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 570க்கு மேல் உண்டு. மக்கள் வாழ்பவை நாற்பதைத் தாண்டா. மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 முதல் இது மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாக உள்ளது. தலைநகரான போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். சென்னையிலிருந்து கடல்வழியே சுமார் 1,190 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள்.

வட அந்தமான், நடு அந்தமான், தென் அந்தமான் ஆகிய மூன்றும் வரைபடத்தில் ஒரே நிலம் போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால், ஆறு போல் ஒடுங்கிய கடல்நீர்ப் பாதைகள் அவற்றை அறுத்துச் செல்வது தெரியும். நடு அந்தமானுக்கும் தென் அந்தமானுக்கும் இடையில் செருகி வைத்தாற்போல் இருப்பதுதான் பாராடாங். தெற்கே 'மிடில் ஸ்ட்ரெய்ட்' என்னும் நீரிணை, வடக்கே 'ஹோம்ஃப்ரே' நீரிணை. கிழக்கே கடலைத் தாண்டினால் ரிச்சி தீவுக்கூட்டம். பரப்பு சுமார் 240 சதுர கிலோமீட்டர். 2006இல் புதிதாக அமைந்த வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தைச் சேர்ந்தது. தலைநகரிலிருந்து வடக்கே சாலைவழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இங்கே மக்கள் தொகை ஆறாயிரத்தை எட்டவில்லை. நம்மூரில் ஒரு பெரிய கிராமத்தின் அளவுதான்!

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே இங்கு பெய்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல் இருமடங்குக்கும் மேல். அதனால்தான் கரையோரமெங்கும் அலையாத்திக் காடு, உள்ளே போனால் வானத்தை மறைக்கும் மழைக்காடு. சதுப்பில் உப்புநீர் முதலைகள் உண்டு. படகோட்டி முதலில் சொன்ன புத்திமதியே, "தண்ணிக்குள்ள கைய விடாதீங்க" என்பதுதான். இந்தியில்தான் சொன்னார். அவர் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சேறு கக்கும் குன்று

பாராடாங்கில் எரிமலை இருக்கிறது என்று சொல்லித்தான் என் மகனை அழைத்துப் போயிருந்தோம். ஜாரவா க்ரீக் என்னும் சிற்றூரின் பக்கம் காட்டுப் பாதையில் ஏறிப் போனால், மூங்கில் வேலிக்குள் சாம்பல் நிறச் சேற்று மேடு ஒன்று இருந்தது. அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிப்பது போல், நடுவில் ஒரு குமிழி எழுந்து 'பொளக்' என்று உடைந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. "இவ்வளவுதானா?" என்று பையன் முகம் வாடிப்போயிற்று.

ஆனால் அந்தக் குமிழிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. இந்திய நிலத்தட்டு கிழக்கே நகர்ந்து, பர்மா தட்டின் அடியில் நுழையும் இடம் அந்தமான் கடற்பகுதி. அப்படி நுழையும்போது கடலடி வண்டல் நசுங்குகிறது. அதிலுள்ள நீரும் மீத்தேன் முதலிய வாயுக்களும் வெடிப்புகளின் வழியே மேலேறி, சேற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. நெருப்புக் குழம்பு கிடையாது. தொட்டால் சுடாது. உள்ளூரில் இதற்கு 'ஜல்கி' என்று பெயர்.

சாதுவாகத் தோன்றும் இந்தச் சேறு சில வேளை சீறுவதும் உண்டு. 2003 பிப்ரவரி 18 அன்று பெரிதாகப் பொங்கியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தை அடுத்து மீண்டும் கக்கியது. நம் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் அழித்த அதே சுனாமிக்குக் காரணமான நடுக்கம்தான். அந்த ஒரே நாளில் நிக்கோபார்த் தீவுகள் கடலுக்குள் தாழ்ந்தன. வட அந்தமானின் கரையோரப் பவளப் பாறைகள் நீருக்கு மேலே எழுந்து வெளுத்துப்போயின. பாராடாங்கின் குமிழி, பூமியின் அந்த ஓயாத அசைவுக்கு ஒரு சிறு சாட்சி. 2025 அக்டோபரில் மறுபடியும் பலத்த ஓசையோடு அது வெடித்ததாகச் செய்தி வந்தபோது, இப்போது கல்லூரிக்குப் போய்விட்ட என் மகன்தான் எனக்கு முதலில் தொலைபேசியில் சொன்னான்!

குகையும் குருவியும்

அடுத்துப் பார்த்தது சுண்ணாம்புக் குகை. நிலம்பூர் படகுத்துறையிலிருந்து விசைப்படகில் அரை மணி நேரம். முதலில் அகன்ற நீர். பிறகு அலையாத்தி மரங்கள் இருபுறமும் நெருங்கி வந்து தலைக்குமேல் கூரை போட்டுவிடுகின்றன. நயாடேரா என்னும் இடத்தில் இறங்கி, வயலும் காடுமாக ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் குகை வருகிறது.

காட்டு மண்ணின் வழியே இறங்கும் மழைநீர், கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சற்றே புளிப்பேறி, சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் துளித்துளியாகச் சொட்டும்போது கரைத்த சுண்ணாம்பை மீண்டும் படியவிடுகிறது. மேலிருந்து தொங்குவது விழுது, கீழிருந்து எழுவது புற்று. ஒரு விரலளவு வளர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கலாம். கையால் தொட்டால் நம் எண்ணெய்ப் பசை ஒட்டி வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்கள். தொட்டுத் தொட்டுக் கறுத்துப்போன விழுதுகளையும் கண்டோம்.

இத்தீவின் வேறு சில குகைகளில் ஒருவகை உழவாரக் குருவி கூடு கட்டுகிறது. தன் எச்சிலாலேயே கட்டும் அந்தக் கூட்டைச் சூப்பாக்கிக் குடிக்கும் வழக்கம் சீன நாட்டில் உண்டு. விலை அதிகமாதலால் திருட்டும் அதிகம். குஞ்சு பொரிக்கும் முன்பே கூடுகளைப் பெயர்த்ததில் பறவையே அருகிவிட்டது. 1990களில் இதைத் தீவு தீவாகக் கணக்கெடுத்து, காப்பதற்கு வழி சொன்னது நம் கோயம்புத்தூரிலுள்ள சலீம் அலி பறவையியல் மையம். கூடு எடுத்துப் பிழைத்தவர்களையே காவலர்களாக்கியதுதான் அத்திட்டத்தின் சிறப்பு.

முதற்குடிகள்

இனி மக்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஆங்கிலேயர் 1858இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது, பெரும் அந்தமானிய மக்கள் பத்துக் குழுக்களாகத் தீவுகளில் வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி மொழி. பாராடாங்கும் அதைச் சுற்றிய நிலமும் 'ஆ-புசிக்வார்' என்னும் குழுவினருடையவை. 1906 முதல் 1908 வரை இங்கு தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரவுன் என்னும் அறிஞர், 1922இல் வெளியிட்ட தம் நூலில் இவர்களுடைய கதைகளைப் பதிந்திருக்கிறார். அவற்றுள் ஒன்று நெருப்பைப் பற்றியது. முன்னோர்கள் பாராடாங்கிலுள்ள 'வோட்டா-எமி' என்னும் இடத்தில் நெருப்பில்லாமல் வாழ்ந்தார்களாம். 'பிலிக்' என்னும் தெய்வம் மட்டும் நெருப்பை வைத்திருந்தது. அது உறங்கும்போது மீன்கொத்திப் பறவை நெருப்பைத் திருடிற்று. விழித்துக்கொண்ட தெய்வம் கொள்ளிக்கட்டையை வீசியதில் பறவைக்குச் சூடுபட்டது. ஆயினும் அது நெருப்பை மக்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. நம் குளக்கரைகளில் பார்க்கிறோமே, அதே மீன்கொத்தி இனந்தான்!

அந்த மக்கள் எங்கே? ஆங்கிலேயர் அவர்களைப் 'பழக்குவதற்கு' என்று இல்லங்கள் அமைத்தார்கள். அங்கே நோய் பழகிற்று. 1876இல் மேகநோய் பரவியிருப்பது தெரியவந்தது. 1877இல் தட்டம்மை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. 1858இல் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1921இல் 209. 1931இல் 90. 1961இல் 19 பேர். எஞ்சியவர்களை அரசு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. 2010 ஜனவரியில் 'போவா' என்னும் மூதாட்டி மறைந்தபோது, 'அக்கா-போ' என்னும் மொழியைப் பேசும் கடைசி நாவும் அடங்கிற்று.

இந்த எண்களை நான் படித்துக் காட்டியபோது, என் மகள் தன் பள்ளி நோட்டைக் கொண்டுவந்து ஈஸ்டர் தீவின் எண்களை அதனருகில் வைத்தாள். ஒன்று பசிபிக் கடலில், மற்றொன்று நம் வங்கக் கடலில். ஆண்டும் ஒன்றுதான், 1877.

சாலை

இன்று பாராடாங்குக்குப் போகிறவர்கள் கேள்விப்படுவது ஜாரவா மக்களைப் பற்றி. இவர்கள் மேலே சொன்ன பத்துக் குழுக்களில் சேராதவர்கள். தென் அந்தமான், நடு அந்தமான் ஆகியவற்றின் மேற்குக் காடுகளே இவர்களுடைய நிலம். 'ஜாரவா' என்பதுகூட அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரன்று. 'அயலார்' என்னும் பொருளில் பக்கத்துக் குழுவினர் வைத்தது. அவர்கள் தங்களை 'அங்' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

நூறாண்டுக்கு மேல் இவர்கள் வெளியாரை வில்லும் அம்புமாகவே எதிர்கொண்டார்கள். அவர்கள் காட்டின் ஊடே அந்தமான் நெடுஞ்சாலை போடப்பட்டபோதும் எதிர்த்தார்கள்; இருதரப்பிலும் உயிர்கள் போயின. ஆயினும் 1980களின் இறுதியில் சாலை முடிந்தது. 1974 முதலே அரசுக் குழுவினர் படகில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுபோய்ப் பழக முயன்றுவந்தார்கள். 1996இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவனை மருத்துவமனையில் சேர்த்துக் குணமாக்கி அனுப்பினார்கள். அதன்பின் 1997, 1998 ஆண்டுகளில் அவர்கள் தாமாகவே ஆயுதமின்றி வெளியே வரத் தொடங்கினார்கள். மறு ஆண்டே, 1999இல், தட்டம்மை வந்தது. நல்லவேளையாக இம்முறை மருத்துவம் தயாராக இருந்தது.

2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜாரவா காப்பகத்தின் ஊடே போகும் சாலைப் பகுதியை மூட ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. வடக்கேயுள்ள ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் ஊர்களில் வாழும் பல்லாயிரம் மக்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அதுதான் வழி என்பது நிர்வாகத்தின் வாதம். அதையும் பொய்யென்று தள்ள முடியாது. 2012 ஜனவரியில், பிஸ்கட்டுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச்சொல்லும் காணொளி ஒன்றை லண்டன் பத்திரிகை வெளியிட்டபோது உலகமே முகம் சுளித்தது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, ஏழாண்டு வரை சிறைத்தண்டனை என்று கடுமையாக்கினார்கள்.

நாங்களும் அந்தச் சாலையில்தான் போனோம். விடியுமுன் ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காவலர் முன்னும் பின்னும் வர, கூட்டமாக அனுப்புகிறார்கள். சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்கு நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது. அறிவிப்புப் பலகையில் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. நானே அதைப் பிள்ளைகளுக்குப் படித்தும் காட்டினேன்.

பாதி வழியில் வண்டிக்குள் ஒரு சலசலப்பு. சாலையோரம் ஒரு தாய், இடுப்பில் குழந்தை, பக்கத்தில் ஒரு சிறுவன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். படித்துக் காட்டிய அதே நான், என்னை அறியாமல் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துவிட்டேன். என் மகள் ஒன்றும் பேசாமல் தன் உள்ளங்கையால் அதை மூடினாள். அந்தத் தாய் எங்களைப் பார்க்கவேயில்லை. குழந்தையின் முகத்தைத் தன் தோளுக்குத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது.

படகுத்துறை வரும் வரை நான் தலை நிமிரவில்லை. நாம் வேறு மாநிலத்தில் புதிதாகக் குடிவந்தபோது, நம் பெண்கள் கட்டிய புடவையையும் வாசலில் போட்ட கோலத்தையும் நின்று வேடிக்கை பார்த்தவர்களை நாம் எத்தனை முறை குறைகூறியிருக்கிறோம்! அந்தத் தாய் நின்றிருந்ததோ அவளுடைய வாசலில். வேடிக்கை பார்த்த நான்தான் வழிப்போக்கன்.

2001இல் ஜாரவா மக்கள் 240 பேர் என்று கணக்கிட்டார்கள். 2011இல் 380. குறைந்துகொண்டே போன பெரும் அந்தமானியர் கணக்குக்கு இது நேர்மாறானது என்பதில் ஓர் ஆறுதல். அவர்களுக்கென்று ஒதுக்கிய 1,028 சதுர கிலோமீட்டர் காடு அவர்கள் கையில் இருக்கும் வரைதான் இந்த ஆறுதலும்.

ராஞ்சிக்காரர்கள்

படகோட்டியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அவர் பாராடாங்கில் பிறந்தவர். அவர் தந்தையும் இங்கேயே பிறந்தவர். இருந்தும் எல்லாரும் அவரை 'ராஞ்சிவாலா' என்றுதான் அழைக்கிறார்கள். அவர் ராஞ்சியைப் பார்த்ததே இல்லை!

1918 முதல் அந்தமான் காடுகளில் மரம் வெட்ட, சாலை போட, சோட்டா நாகபுரி மேட்டுநிலத்து ஆதிவாசி மக்களை ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பின் வழியே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். முண்டா, ஒராவோன், கரியா எனப் பல இனத்தவர். ஆனால் வந்து இறங்கியதும் எல்லாருக்கும் ஒரே பெயர், 'ராஞ்சி'. ஒப்பந்தம் முடிந்தும் பலர் திரும்பவில்லை. காட்டோரத்தில் நிலம் திருத்தி, நெல் விதைத்துத் தங்கிவிட்டார்கள். பாராடாங்கின் சிற்றூர்களில் இவர்கள் தொகையே மிகுதி.

இவர்களுடைய உறவினர்கள் ஜார்க்கண்டில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். இவர்களோ அந்தமானில் அப்பட்டியலில் இல்லை. இத்தீவுகளின் பட்டியல் இத்தீவின் முதற்குடிகளுக்கு மட்டும் உரியது என்பது காரணம். நியாயம்தான், ஆனால் தாயகத்திலும் இல்லை, வந்த இடத்திலும் இல்லை என்றால் பிள்ளைகளின் படிப்புக்கு எந்தச் சான்றிதழைக் காட்டுவது? படகோட்டி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன. கங்காணி பின்னால் போன நம் மக்களும் கூலியாக இறங்கினார்கள். காட்டை அழித்து மலையெல்லாம் பச்சையாக்கினார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றதும் குடியுரிமை இல்லை என்றார்கள். 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தப்படி திரும்பிவந்தவர்களை இங்கே 'சிலோன்காரர்' என்றார்கள். பெயர் எப்போதும் இல்லாத ஊரைச் சொல்லியே அமைகிறது!

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணை அவர்கள் தொண்டையிலிருந்து 'க்ஹன்' என்கிறார்கள். பல்லுக்குப் 'பல்' என்றே பெயர். நம் 'வருதல்' அவர்களிடம் 'பர்னா'. வங்கக் கடலின் நடுவில், அலையாத்திக் காட்டுக்குள், எதிரே இருந்தவர் வாயிலிருந்து 'பல்' என்று கேட்டபோது என் மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அட, நம்ம சொந்தக்காரங்க!" என்றாள்.

நம்மவர்

தமிழர் இல்லாத கடற்கரை ஏது? தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை வெற்றிகளைப் பொறித்த கல்வெட்டு, நிக்கோபாரை 'மாநக்கவாரம்' என்று குறிக்கிறது. அந்தப் படையெடுப்பு நடந்தது 1025இல். ஆனால் இன்று அந்தமானில் வாழும் தமிழர்கள் சோழர் படையின் வழிவந்தவர்கள் அல்லர். வணிகராக, கட்டடத் தொழிலாளராக, துறைமுகத்திலும் பொதுப்பணித் துறையிலும் வேலை தேடி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே. 1970களில் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றை நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில் அரசு குடியமர்த்தியது. 2011 கணக்கின்படி தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். வங்காளியும் இந்தியும்தான் நமக்கு முன்னால். தலைநகரின் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடி பார்க்கலாம்.

பாராடாங் படகுத்துறையிலும் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. சாயாக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள், நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "வாங்க தம்பி, எந்த ஊரு நீங்க?" என்றார். அவர் தகப்பனார் இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். "நீங்க ஊருக்குப் போறதுண்டா அம்மா?" என்று கேட்டேன். "எங்க அப்பாவோட ஊரு அது. எனக்கு இதுதான் ஊரு" என்று மண்ணைக் காட்டினார். பிறகு தாமாகவே, "ஆனா இது அவங்க காடு, தம்பி. நாம எல்லாம் பின்னால வந்தவங்க. அத மறந்தா நல்லா இருக்க மாட்டோம்" என்று மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். இட்லிக்குக் காசு வாங்க மறுத்தார், வற்புறுத்தித்தான் கொடுத்தோம்.

போகிறவர்களுக்கு

நம் சங்கத்துக் குடும்பங்கள் அந்தமான் போனால் பாராடாங்கை விட்டுவிடாதீர்கள். சேற்றுக் குன்றையும் குகையையும் அலையாத்திக் காட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குகை விழுதுகளைத் தொடாதீர்கள். மாலையில் கிளித் தீவில் ஆயிரக்கணக்கான கிளிகள் அடையவரும் காட்சி கண்கொள்ளாதது. படகோட்டியிடம் நாலு வார்த்தை பேசுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள், ஊரை மட்டுமல்ல.

சாலையில் மட்டும் ஒன்றைக் கடைப்பிடியுங்கள். 'ஜாரவாவைக் காட்டுகிறேன்' என்று சொல்லும் வண்டியில் ஏறாதீர்கள். வழியில் அவர்கள் தென்பட்டால் கைபேசி பைக்குள் இருக்கட்டும், உணவுப் பொட்டலம் மடியில் இருக்கட்டும். சட்டம் தண்டிக்கும் என்பதற்காக மட்டுமல்ல. நம் கையிலிருந்து போகும் ஒரு பிஸ்கட்டோடு எந்த நோய் போகிறது என்று நமக்குத் தெரியாது. இதே மண்ணில் 1877இல் ஒரு தட்டம்மை செய்ததை மேலே சொல்லியிருக்கிறேன்.

ஊர் திரும்பியபின் என் மகள் பள்ளி நோட்டில் பாராடாங்கைப் பற்றியும் எழுதினாள். நில அமைப்பு ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம். மக்கள் என்ற தலைப்புக்கு நான்கு பக்கம் ஆயிற்று. புகைப்படம் ஒட்டவேண்டிய கட்டத்தில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. ஏன் என்று ஆசிரியை கேட்டபோது, "எடுக்கல மிஸ்" என்று சொன்னாளாம். அந்த ஒரு பதிலுக்காகவே அந்தப் பயணம் வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.